ஏற்காட்டு ஈரமும் உயர்ந்துபோன கம்பிகளும்: கிட்டாரிலும் யுகுலேலேயிலும் ப்ளூஸ் ஸ்லைடு

காபிக்காட்டுக் கணக்கன் (ஏற்காடு)
ஜூலை 14, இரவு 9.20

அனைவருக்கும் வணக்கம். நாகலூர்ப் பக்கம் ஒரு காபித் தோட்டத்தில் கணக்கு எழுதுகிறேன். பதினோரு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய அக்கூஸ்டிக் கிட்டார் ஒன்று வீட்டில் இருக்கிறது. மழைக்காலம் தொடங்கிவிட்டால் மலையில் அரிசி டப்பா முதல் அலமாரிக் கதவு வரை எல்லாமே ஈரம் குடிக்கும். கிட்டாரின் முன்பலகையும் அப்படிக் குடித்து, கம்பிகளைக் கட்டியிருக்கும் பிரிட்ஜுக்குப் பின்னால் இலேசாக மேடு தட்டியிருக்கிறது. அதனால் கம்பிகள் எழும்பி, கழுத்தில் பதித்த பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு (குறுக்கு உலோகக் கம்பிக்கு) மேல் ஏறக்குறைய நான்கு மில்லிமீட்டர் உயரத்தில் நிற்கின்றன. எஃப் கார்டு (ஒன்றாக ஒலிக்கும் சுரக் கூட்டு) பிடித்தால் அரை நிமிடத்தில் ஆள்காட்டி விரல் மரத்துப்போகிறது.

சேலத்தில் ஒரு கடையில் காட்டியபோது, பிரிட்ஜில் கம்பிகளைத் தாங்கும் சாடிலைத் தேய்த்து உயரத்தைக் குறைத்துவிடலாம் என்றார்கள். கோடையில் பலகை காய்ந்து இறங்கினால் கம்பி ஃப்ரெட்டில் உரசுமே என்று கேட்டதற்கு, அப்போது புதுச் சாடில் போட்டுக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. வருடத்துக்கு இரண்டு சாடில் வாங்கும் அளவுக்கு என் கணக்குப் புத்தகத்தில் இடமில்லை.

கம்பியை அழுத்தாமல், விரலில் குழாயை மாட்டித் தொட்டு வாசிக்கும் ஸ்லைடு முறை அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அதற்குக் கம்பி உயரமாக இருப்பதே நல்லது என்று கேள்விப்பட்டேன். எந்தச் சுருதியில் தொடங்குவது, எந்த விரலில் மாட்டுவது, எதனால் செய்த குழாய் வாங்குவது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். மகளிடம் கான்செர்ட் அளவு யுகுலேலே (சிறு கிட்டார் போன்ற நான்கு கம்பி வாத்தியம்) ஒன்றும் இருக்கிறது. அதில் ஸ்லைடு வாசிக்க முடியுமா என்று அவள் என்னை விட ஆர்வமாகக் கேட்கிறாள்.

ஐந்துரோடு (சேலம்)
ஜூலை 14, இரவு 10.45

கிட்டாரை யாரிடமும் தேய்க்கக் கொடுக்காதீர்கள். நாங்கள் காசு கொடுத்து ஏற்றிக்கொள்ளும் உயரத்தை உங்களுக்கு மழை இலவசமாகவே கொடுத்திருக்கிறது.

சுருதியைப் பொறுத்தவரை, வெறும் கம்பிகளே ஒரு கார்டாக ஒலிக்கும் ஓப்பன் ஜி-யில் தொடங்குங்கள். தடித்த கம்பியிலிருந்து மெல்லியது வரை டி, ஜி, டி, ஜி, பி, டி என்று வரும். வழக்கமான சுருதியிலிருந்து ஆறு, ஐந்து, ஒன்று ஆகிய மூன்று கம்பிகளை மட்டும் ஒரு முழுச் சுரம் இறக்கினால் போதும். ஓப்பன் டி என்பது டி, ஏ, டி, எஃப் ஷார்ப், ஏ, டி. இதிலும் கம்பிகள் இறங்கத்தான் செய்கின்றன. ப்ளூஸ் என்ற கறுப்பின அமெரிக்கர்களின் இசையை வாசித்த பழைய ப்ளூஸ்காரர்கள் முதலாவதை ஸ்பானிஷ் என்றும் இரண்டாவதை வெஸ்டபோல் என்றும் அழைத்தார்கள். இரு பெயர்களும் 19-ஆம் நூற்றாண்டில் வீட்டுக் கூடங்களில் வாசிக்கப்பட்ட கிட்டார்த் துண்டுகளிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டவை. ஓப்பன் ஏ, ஓப்பன் ஈ இரண்டும் கம்பியை ஏற்றிக் கட்டும் சுருதிகள். ஏற்கெனவே மேடு தட்டிய பலகைக்குக் கூடுதல் இழுவை ஆகாது என்பதால், அவை வேண்டுமென்றால் இரண்டாம் ஃப்ரெட்டில் கேப்போ (கழுத்தில் மாட்டும் கவ்வி) போட்டுக்கொள்ளுங்கள்.

ஓப்பன் ஜி-யில் வெறும் கம்பிகளை மீட்டினாலே ஜி மேஜர் கிடைக்கும். குழாயை நேராக ஐந்தாம் ஃப்ரெட்டில் வைத்தால் சி, ஏழில் வைத்தால் டி, பன்னிரண்டில் மறுபடி மேல் ஜி. பன்னிரண்டு பார் (தாள அளவு) கொண்ட ப்ளூஸுக்கு வேண்டிய மூன்று கார்டுகளும் இவ்வளவுதான். எஃப் பிடித்து விரல் மரத்தவருக்கு இது பெரிய விடுதலை. ஒன்றை மட்டும் முதல் நாளிலிருந்தே கவனியுங்கள். விரலால் அழுத்தும்போது இரண்டு ஃப்ரெட்டுகளுக்கு நடுவில் அழுத்துவோம். குழாயோ ஃப்ரெட் கம்பிக்கு நேர் மேலே நிற்க வேண்டும். கொஞ்சம் பின்தங்கினாலும் சுருதி இறங்கி அழுகுரலாகிவிடும்.

நான் சுண்டுவிரலில் மாட்டுகிறேன். மற்ற மூன்று விரல்களும் கார்டு பிடிக்கவும் வேறு வேலைக்கும் ஓய்வாக இருக்கும்.

செவ்வாய்ப்பேட்டை (சேலம்)
ஜூலை 15, காலை 7.05

குழாய்க்காக இணையத்தில் ஆர்டர் போட்டுக் காத்திருக்க வேண்டாம். உருக்காலை இருக்கும் ஊரில் எவர்சில்வர் குழாய்த் துண்டுக்குப் பஞ்சமா? லேத் பட்டறையில் அறுபது மில்லிமீட்டர் நீளத்துக்கு வெட்டி வாங்கினேன். இரு முனைகளிலும் பிசிறு இருந்தது. அதைத் தட்டாமல் வாசித்தால் கம்பியும் விரலும் ஒரே நாளில் வெட்டுப்படும். நான் இருப்பது கொலுசுப் பட்டறைகள் நிறைந்த தெரு என்பதால், பக்கத்துப் பாலிஷ் பட்டறையில் கொடுத்தேன். கொலுசுக்குப் பிடிக்கும் அதே பஃப் சக்கரத்தில் வைத்து அந்த அண்ணன் இரண்டு நிமிடத்தில் கண்ணாடியாக்கிக் கொடுத்துவிட்டு, "இதுல திருகாணி எங்க போடறதுங்க?" என்று கேட்டார்.

விரல் அளவுக்கு மோதிர அளவு வளையங்களையே பயன்படுத்தினேன். ஏற்காட்டுக் காலைக் குளிரில் விரல் சுருங்கும். சேலத்து மதிய வெயிலில் அளவெடுத்துப் போனால் அங்கே குழாய் கழன்று விழும். குளிரில் கொஞ்சம் இறுக்கமாக நிற்கும் அளவே சரி.

எவர்சில்வர் கூர்மையாகப் பேசும். பித்தளை கனமாக, கொஞ்சம் மங்கலாக, நீண்டு ஒலிக்கும். கண்ணாடி மென்மையாக வழுக்கும். அமெரிக்க ராக் கிட்டார்க்காரர் டுவேன் ஆல்மன் மாட்டிக்கொண்டது கோரிசிடின் என்ற சளி மாத்திரையின் காலிக் கண்ணாடி பாட்டில்தான். நம் ஊர் கோலி சோடா பாட்டிலின் கழுத்தை வெட்டலாமே என்று ஒரு மாலை முழுவதும் ஆசைப்பட்டேன். ஆனால் கோலி உள்ளே இறங்கிவிடாமல் இருக்க அந்தக் கழுத்தை இரு பக்கமும் கிள்ளி வைத்திருப்பார்கள். அதில் நேரான குழாய் கிடைக்காது. சோடாவைக் குடித்துவிட்டு பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

குகைவாசி (சேலம்)
ஜூலை 15, இரவு 8.30

கிட்டார் வரைக்கும் நண்பர்கள் சொன்னவை சரி. யுகுலேலேயில் ப்ளூஸ் ஸ்லைடு என்பது மட்டும் வீண் வேலை என்பது என் கருத்து. ஸ்லைடுக்கு உயிர் நீண்டு நிற்கும் ஒலி. கூட்டத்தின் சத்தத்துக்கு மேல் கேட்க வேண்டும் என்ற தேவை இருந்ததால்தான் 1927-இல் நேஷனல் நிறுவனத்தின், உலோகக் கூம்பால் ஒலியைப் பெருக்கும் ரெசனேட்டர் கிட்டார்கள் வந்தபோது ப்ளூஸ்காரர்களில் பலர் அவற்றை வாங்கினார்கள். அதே 1927-இல் பிளைண்ட் வில்லி ஜான்சன் பதிவு செய்த சொற்களற்ற முனகலும் ஸ்லைடும் சேர்ந்த பாட்டு, 1977-இல் வாயேஜர் விண்கலங்களின் தங்கத் தட்டில் ஏறிச் விண்மீன்களுக்கு இடையிலான வெளி வரை போயிருக்கிறது. நைலான் கம்பி போட்ட யுகுலேலேயில் ஒரு சுரம் எதிர்ச் சுவருக்குக்கூடப் போய்ச் சேராது.

நானே பட்டவன் என்பதால் சொல்கிறேன். ஒலி நீளட்டும் என்று என் யுகுலேலேயில் எஃகுக் கம்பி போட்டுத் தரச் சொன்னேன். கடைக்காரரும் மறுக்காமல் போட்டுத் தந்தார். மூன்றாம் நாள் இரவு, பக்கத்து அறையில் துப்பாக்கி வெடித்தது போல ஒரு சத்தம். பிரிட்ஜ் பலகையோடு பெயர்ந்து கம்பிகளில் தொங்கிக்கொண்டிருந்தது. நைலானுக்காகச் செய்த மெல்லிய பலகை எஃகின் இழுவையைத் தாங்காது என்று எனக்கும் தெரியவில்லை, கம்பி போட்டவருக்கும் தெரியவில்லை. குழந்தையின் வாத்தியத்தில் சோதனை வேண்டாம்.

கோட்டுவாத்திய மாணவி (அஸ்தம்பட்டி)
ஜூலை 16, மாலை 6.10

குகைவாசி ஐயா எஃகுக் கம்பியைப் பற்றி எச்சரித்தது நியாயம். அதை யாரும் செய்ய வேண்டாம். ஆனால் யுகுலேலேக்கும் ஸ்லைடுக்கும் உறவே இல்லை என்பது போல அவர் எழுதியிருப்பதை ஏற்க முடியவில்லை. இரண்டும் ஒரே வீட்டில் வளர்ந்த பிள்ளைகள். 1879-இல் மடெய்ரா தீவிலிருந்து ரேவன்ஸ்க்ராக் என்ற கப்பலில் ஹவாய் வந்து இறங்கியவர்கள் கொண்டுவந்த சிறு தந்தி வாத்தியத்திலிருந்துதான் யுகுலேலே உருவானது. அதே தீவுகளில், அந்த நூற்றாண்டு முடிவதற்குள், கிட்டாரை மடியில் படுக்க வைத்து எஃகுத் துண்டால் இழைத்து வாசிக்கும் முறையை ஜோசப் கெகுகு பரப்பினார். 1915-இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த பெருங்கண்காட்சியில் ஹவாய் இசையைக் கேட்ட அமெரிக்கர்கள் இரண்டையும் சேர்த்தே விரும்பினார்கள்.

மிசிசிப்பிப் பக்கத்துக் கதைக்கும் அதன் சொந்த வேர் உண்டு. ப்ளூஸ் இசையமைப்பாளர் டபிள்யூ. சி. ஹாண்டி 1903-ஆம் ஆண்டளவில் டட்வைலர் ரயில் நிலையத்தில் ஒருவர் கிட்டார்க் கம்பிகளில் கத்தியை அழுத்தி வாசித்ததைக் கேட்டதாகத் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். சுவரில் ஒரே கம்பியை ஆணியடித்து, பாட்டிலால் இழைத்து விளையாடும் பழக்கமும் அங்கே இருந்தது. சில்வெஸ்டர் வீவர் 1923-இல் ப்ளூஸ் ஸ்லைடு கிட்டாரை முதன்முதலாக இசைத்தட்டில் ஏற்றினார்.

நம் பக்கம் திருவிடைமருதூர் சகாராம ராவும், பிறகு மைசூரின் நாராயண ஐயங்காரும் வளர்த்த கோட்டுவாத்தியத்தில் ஃப்ரெட்டே கிடையாது. இருபத்தொரு கம்பிகள், அவற்றின் மேல் வழுக்கும் கருங்காலிக் கட்டை. அதைத்தான் நான் ஒன்பது ஆண்டுகளாகக் கற்கிறேன். பின்னாளில் அண்ணனின் கிட்டாரை எடுத்து ப்ளூஸ் ஸ்லைடு பழகினேன். இரண்டிலும் கை வைத்தவள் என்பதால், நண்பர்கள் இதுவரை விட்டுவிட்ட ஒன்றைப் பற்றிக் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

எல்லோரும் குழாயைப் பற்றியே பேசியிருக்கிறீர்கள். குழாய்க்குப் பின்னால் இருக்கும் விரலைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. கம்பியை நடுவில் தொட்டால் அது இரண்டாகப் பிரிகிறது. குழாய்க்கும் பிரிட்ஜுக்கும் இடையில் உள்ள பாதி நாம் விரும்பும் சுரத்தைப் பாடுகிறது. குழாய்க்கும் கழுத்தின் மேல் முனையில் இருக்கும் நட்டுக்கும் இடையில் உள்ள பாதி, யாரும் கேட்காத இன்னொரு சுரத்தை முணுமுணுக்கிறது. குழாய் நகர நகர அந்த முணுமுணுப்பு எதிர்த் திசையில் ஏறி இறங்கும். புதிதாகப் பழகுபவர்களின் வாசிப்பு தகரக் கூரையில் மழை பெய்வது போல இரைவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். குழாய்க்குப் பின்னால் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் கம்பிகளின் மேல் படுத்து, அழுத்தாமல், கூடவே நகர்ந்துகொண்டு வர வேண்டும். அதற்காகவே நான் மோதிர விரலில் மாட்டுகிறேன். சுண்டுவிரலில் மாட்டினாலும் இந்த வேலை நடக்கும், ஐந்துரோடு அண்ணா. ஆனால் அந்த மூன்று விரல்களுக்கும் முதல் வேலை கார்டு பிடிப்பது அல்ல, வாயை மூடுவது.

வலக்கையிலும் இப்படித்தான். மீட்டாத கம்பிகளின் மேல் கட்டைவிரலும் மற்ற விரல்களும் உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு கம்பியை மீட்ட வேண்டுமென்றால் அந்த ஒரு விரல் மட்டும் எழுந்து வேலையை முடித்துவிட்டுத் திரும்பி வந்து உட்காரும். ஆறு கம்பியும் ஒரே கார்டாகக் கட்டப்பட்டிருப்பதால், ஒன்றைத் தொட்டால் மற்றவை தாமாகவே அதிர்ந்து சேர்ந்துகொள்ளும். என் வாத்தியத்தில் அந்த அதிர்வுக்கென்றே தனிக் கம்பிகள் வைத்திருக்கிறோம். ப்ளூஸில் அதைக் கட்டிப் போட வேண்டும்.

அடுத்தது காந்தாரம். ஓப்பன் ஜி-யில் இரண்டாம் கம்பியான பி-தான் அந்தர காந்தாரம். மின்னணு ட்யூனர் பச்சை விளக்குக் காட்டும் இடம் காதுக்கு இனிக்கும் இடத்தை விட ஏறக்குறைய 14 சென்ட் அதிகம். ஓர் அரைச் சுரத்தை நூறாகப் பகுத்தால் பதினான்கு. ஆகவே ட்யூனருக்குப் பிறகு அந்தக் கம்பியை மட்டும் காதால் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். கார்டு தேன் போலச் சேரும். விரலால் அழுத்தி வாசிப்பவருக்கு இந்த வசதி ஃப்ரெட்டுக்கு ஃப்ரெட் கெட்டுப்போகும். குழாய் எல்லாக் கம்பிகளையும் ஒரே கோட்டில் தொடுவதால், நமக்கு அது கழுத்து முழுவதும் அப்படியே கூட வரும்.

மெலடியில் ப்ளூஸ்காரர்கள் நிற்கும் காந்தாரமோ வேறு. அது சாதாரண காந்தாரத்துக்கு மேலே, அந்தர காந்தாரத்துக்குக் கீழே, இரண்டுக்கும் நடுவில் குடியிருக்கிறது. ஓப்பன் ஜி-யில் முதல் கம்பியில் எட்டாம் ஃப்ரெட்டைத் தொட்டு, ஒன்பதை எட்டாமல், வழியிலேயே நின்று பாருங்கள். நம் காதுக்கு இது புதிதல்ல என்பதால் சீக்கிரம் பிடிபடும். ஆனால் அதிலேயே ஓர் ஆபத்தும் இருக்கிறது. எனக்குக் காந்தாரத்தை அசைத்தே பழகிய கை. முதல் மாதம் நான் வாசித்ததைக் கேட்ட அண்ணன், "இது மிசிசிப்பித் தோடி" என்றார். கமகம் ஒரு சுரத்திலிருந்து பக்கத்துச் சுரங்களைத் தொட்டு அந்த ராகத்தின் முகத்தைக் காட்டுவது. ப்ளூஸ் வைப்ராட்டோ நின்ற இடத்திலேயே நடுங்குவது. கை ஃப்ரெட் கம்பிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சம அளவில், ஒரு நெல்மணி நீளத்துக்கு மேல் போகாமல் அசைய வேண்டும். அதுவும் சுரத்தை அடைந்து ஒரு கணம் நின்ற பிறகு.

இனி யுகுலேலே. ஜி, சி, ஈ, ஏ என்ற வழக்கமான சுருதியில் ஏ-யை ஜி-க்கு இறக்கினால் ஓப்பன் சி வந்துவிடும். ஒரே கம்பிதான் மாறுகிறது. நான்காம் கம்பி உயர்ந்த ஜி-யாக இருந்தால் முதலும் நான்காவதும் ஒரே சுரமாகிவிடும் என்பதால், தாழ்ந்த ஜி போடுவது நல்லது. உலோகம் சுற்றிய கம்பி குழாயின் கீழ் கரகரக்கும். சுற்றில்லாத ஃப்ளோரோகார்பன் கம்பியாகக் கேட்டு வாங்குங்கள். அளவில் பெரிய பாரிடோன் யுகுலேலே கிடைத்தால் இன்னும் எளிது: டி, ஜி, பி, ஈ என்பதில் ஈ-யை டி-க்கு இறக்கினால் ஓப்பன் ஜி கிட்டாரின் மேல் நான்கு கம்பிகள் அப்படியே கையில் இருக்கும்.

சிரமம் எங்கே என்றால் நீளத்தில். கிட்டார்க் கம்பி நட்டிலிருந்து சாடில் வரை ஏறக்குறைய 650 மில்லிமீட்டர். கான்செர்ட் யுகுலேலேயில் 380. பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் குழாய் ஒரு மில்லிமீட்டர் விலகினால் கிட்டாரில் ஐந்து சென்ட் பிசகும், கான்செர்ட்டில் ஒன்பது. செவ்வாய்ப்பேட்டை நண்பரின் எவர்சில்வர் குழாயை அதில் வைத்தால் நைலான் கம்பி பாரத்தில் அமுங்கி ஃப்ரெட்டில் இடிக்கும். மெல்லிய கண்ணாடிக் குழாய் போதும். ஒலி நீளாது என்பது உண்மை. நீளாத வாத்தியத்தில் சுரத்தை நோக்கி மெதுவாக நடந்து போக நேரம் இருக்காது. சட்டென்று சேர வேண்டும், மறுபடி மீட்ட வேண்டும். அதனால் சுருதி சீக்கிரம் படியும் என்பதை என் மாமா மகனின் யுகுலேலேயில் பார்த்தேன்.

ஐந்துரோடு (சேலம்)
ஜூலை 16, இரவு 11.15

பன்னிரண்டு வருடமாக ட்யூனரின் பச்சை விளக்கை நம்பியவன் நான். இன்று பி கம்பியை இறக்கிப் பார்த்தேன், அம்மா. இனி பேச்சில்லை.

காபிக்காட்டுக் கணக்கன் (ஏற்காடு)
ஆகஸ்ட் 9, மாலை 4.40

மூன்று வாரம் பழகிவிட்டு எழுதுகிறேன். செவ்வாய்ப்பேட்டை நண்பர் சொன்ன மாதிரியே லேத்தில் குழாய் வெட்டி, பிசிறு தட்டி வாங்கினேன். கிட்டாரைச் சேலத்துக்கு எடுத்துப் போய்ச் சுருதி சேர்த்துக்கொண்டு, மறுபடி இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வீட்டுக்கு வந்தால் எல்லாக் கம்பியும் சுருதி கூடி நின்றது. குளிரில் எஃகு சுருங்கி இழுத்துக்கொள்கிறது. இப்போது வீட்டுக்கு வந்து அரை மணி நேரம் உறையைத் திறந்து வைத்த பிறகுதான் ட்யூனரை எடுக்கிறேன்.

பின்விரல் விஷயம் முதல் வாரம் சுத்தமாக வரவில்லை. விரல் படுத்தால் குழாய் சாய்கிறது. குழாயை நிமிர்த்தினால் விரல் எழுந்துவிடுகிறது. கடைசியில் ஒரு வழி செய்தேன். மீட்டுவதை நிறுத்திவிட்டு, குழாயையும் பின்விரல்களையும் மட்டும் பன்னிரண்டிலிருந்து ஏழுக்கும் ஏழிலிருந்து ஐந்துக்கும் சத்தமே இல்லாமல் நகர்த்திப் பழகினேன். கணக்கு எழுதும் மேசையில் அளவுகோலை வைத்துக்கூட நகர்த்தினேன். மேஸ்திரி வந்து பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போய்விட்டார். எட்டாம் நாள் முணுமுணுப்பு நின்றது. அதுவரை என் கிட்டாரில் இவ்வளவு அமைதி இருப்பது எனக்குத் தெரியாது.

மகள் தாழ்ந்த ஜி கம்பி போட்டுவிட்டாள். வீட்டில் கண்ணாடிக் குழாய் இல்லாததால் ஹோமியோபதி மருந்துப் புட்டியைச் சுண்டுவிரலில் மாட்டிக்கொண்டு வாசிக்கிறாள். யுகுலேலேயின் கம்பிகள் தாழ்வாக இருந்ததால் புட்டி ஃப்ரெட்டில் இடித்தது. நட்டின் பள்ளங்களில் கம்பிக்கு அடியில் தபால் அட்டையை மடித்து வைத்தோம், சரியாகிவிட்டது. அட்டையை எடுத்துவிட்டால் பள்ளிப் பாட்டுக்கு வழக்கம் போல வாசிக்கலாம்.

குகைவாசி (சேலம்)
ஆகஸ்ட் 9, இரவு 9.00

புட்டி உடைந்தால் விரல் போகும். இரு முனையும் திறந்த, தடித்த சுவருள்ள குழாயாக வாங்கிக் கொடுங்கள். மற்றபடி, வாசித்ததைப் பதிவு செய்து போட்டால் என் கருத்தை மாற்றிக்கொள்ள வேண்டுமா என்று யோசிக்கிறேன்.

காபிக்காட்டுக் கணக்கன் (ஏற்காடு)
ஆகஸ்ட் 12, இரவு 8.15

புட்டியை அன்றிரவே வாங்கி வைத்துவிட்டேன், ஐயா, நன்றி. தடித்த கண்ணாடிக் குழாய் யுகுலேலேக்குக் கனமாக இருக்கும் என்பதால், சிறு அளவு அக்ரிலிக் குழாய் வெட்டிக் கொடுத்திருக்கிறேன். ஒலி கொஞ்சம் மந்தம், ஆனால் இடிக்கவில்லை.

ஒரு நிமிடப் பதிவை இணைத்திருக்கிறேன். நான் ஓப்பன் ஜி-யில் ஐந்தாம் ஃப்ரெட்டில் கேப்போ போட்டுத் தாளம் பிடிக்கிறேன். அவள் ஓப்பன் சி-யில். எட்டாவது பாரில் அவள் காந்தாரம் கொஞ்சம் தாழ்ந்தே நிற்கும். சரியான இடத்துக்கு ஏற்றிக் காட்டினேன். "அது பாட்டு மாதிரி இருக்குப்பா, இதுதான் ப்ளூஸ் மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டாள். பின்னணியில் கேட்கும் இரைச்சல் எங்கள் பின்விரல் பிசகியது அல்ல, வெளியே மழை.